கேக் பெட்டியோடை வெயில் தேடினது

வெயிலிலை கேக் சுடுகிற தொழிலிலை மாவும் முட்டையும் பெரிய பாடில்லை, பெட்டி வைக்க இடம் பிடிக்கிறதுதான் பெரிய பாடு. காஸ் முடிஞ்சு வெறும் சிலிண்டரைப் பாத்துக்கொண்டிருந்த ஆக்களுக்கு இது விளங்கும். மாதர் சங்கத்திலை பழக்கின மாதிரி, பலகைப் பெட்டிக்குள்ளை வெள்ளித்தாள் ஒட்டி, மேலை கண்ணாடி மூடி போட்டு, கறுப்புத் தகரத் தட்டிலை கேக்கை வைப்பன். குருநகரிலை எங்கடை ஒழுங்கைக்குள்ளை வெயில் எட்டிப் பாத்திட்டுப் போயிடும். கேக் வித்தால்தான் மகளுக்குப் பால்மா. அதாலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன்.

கடற்கரை

கருவாடு காயப்போடுகிற பிலோமினா அக்கா, "காகத்துக்குக் காவல் இருக்கிறன்தானே, உதையும் பாக்கிறன், வை" எண்டா. கேக் நல்லாத்தான் வெந்தது. தேத்தண்ணிக் கடை அண்ணை ஒரு துண்டை வாயிலை வைச்சிட்டு மிச்சத்தை மணந்து பாத்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, இதைச் சோத்தோடை தின்னலாம், தேத்தண்ணியோடை ஏலாது."

தொடர்மாடி உச்சி

மூடியைத் திறந்தால் சூடு போயிடும், கேக் அமுங்கிப்போம். உடுப்புக் காயப்போட வந்த பெண்டுகள் எல்லாரும் தூக்கித் தூக்கிப் பாத்தினம். திறக்காதேங்கோ எண்டு சொல்ல எனக்கு வெக்கம், படியிலை ஒளிச்சு நிண்டன். பின்னேரம் கேக் களி மாதிரிக் கிடந்தது. என்ரை கண் கலங்கினதைக் கண்ட ஒரு அக்காவுக்குக் கோவம் வந்திட்டுது: "நான் ஒருக்காத்தான் திறந்தனான், மற்றவையைப் போய்க் கேள்!"

சேமக்காலை

காத்தில்லை, நிழலில்லை, தொட்டுப் பாக்க ஒருத்தருமில்லை. அப்பான்ரை கல்லறையிலை, அவரிட்டைக் கேட்டுப்போட்டுத்தான், பெட்டியை வைச்சன். அப்பிடி ஒரு கேக் அதுக்கு முன்னும் பின்னும் நான் சுட்டதில்லை, பஞ்சு!

பக்கத்துத் தெரு ரீச்சர் மகன்ரை பிறந்தநாளுக்குச் சொல்லி வைச்சவா. ருசி பாத்துச் சந்தோசப்பட்டு, "எங்கை பிள்ளை சுட்டனீ?" எண்டா. எனக்குப் பொய் வராது. சொன்னன். கையிலை இருந்த துண்டைத் திருப்பித் தட்டிலை வைச்சா. "நல்ல கேக்தான் பிள்ளை. பிறந்தநாளுக்கு வேண்டாம், ஆராவது செத்தால் சொல்லிவிடுறன்."

மேல்மாடி வீடு

அண்டைக்கு மகள் வெறுந்தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தாள். விடிய, லண்டன் காசிலை மேல்மாடி கட்டின மாமியின்ரை வாசலிலை போய் நிண்டன். உடனை ஓம் எண்டா. மொட்டை மாடி முழுக்க வெயில். கேக் வெந்ததும் மாமி கத்தியோடை வந்து, நடுவாலை வெட்டி, பாதியைத் தன்ரை தட்டிலை வைச்சா. மற்றப் பாதியாவது பால்மா ஆகட்டும் எண்டு பொத்திப் பிடிச்சன். மாமி என்ரை முகத்தைப் பாத்தா: "என்ன பாக்கிறாய்? வெயில் என்ரை வீட்டிலைதானே விழுந்தது. ஒவ்வொரு நாளும் வா, பிள்ளை."

சூரியனுக்குச் சொந்தக்காரர் இல்லையெண்டு நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தனான், இப்ப பாதிக் கேக் குடுத்துத்தான் சூரியனிட்டைப் படி ஏறுறன்.