கெத்தாம் தீவுக்கு ஒரு டிக்கெட் கூடுதல்

போன தீபாவளி முடிந்ததும் என் மனைவி வேலை செய்யும் தையல் கடைப் பெண்கள் கெத்தாம் தீவுக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். படகுக்கு ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் கிள்ளானில் இருக்கிறேன், படகுத்துறை பக்கம். அதோடு வீட்டில் சும்மா இருக்கிறேன்.

கடை தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் இருக்கிறது. சேலைக்கு ரவிக்கை தைக்கும் கடை. தீபாவளி நெருங்கினால் அந்தப் பெண்களுக்குத் தூக்கம் கிடையாது. எல்லாம் முடிந்ததும் எங்காவது போக வேண்டும் என்று வருஷா வருஷம் பேசுவார்கள், போக மாட்டார்கள். இந்த முறை கட்டிங் அக்கா பிடிவாதமாக நின்றாள். துணி வெட்டுவது அவள் வேலை. கடையில் மூத்தவள். முதலாளிகூட அவள் பேச்சைத் தட்டுவதில்லை. கடைக்குப் பக்கத்தில் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் துறைமுகம், இறங்கி நாலு எட்டு நடந்தால் படகு. யாரிடமும் கார் கேட்டுக் கெஞ்ச வேண்டாம். அதனால்தான் அந்தத் தீவு.

நாள் குறிப்பதில் பெரிய சண்டை. கெத்தாமில் மீன், நண்டு, இறால் தவிர வேறு என்ன இருக்கிறது? சஷ்டி விரதம் முடியட்டும் என்றாள் ஒருத்தி. கார்த்திகை பிறந்துவிட்டால் என் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார், வீட்டில் மீன் வாசமே கூடாது என்றாள் இன்னொருத்தி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்தார்கள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேச மாட்டார்கள். என் மனைவி தினமும் வேலை விட்டு வந்து இதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவன். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலில் ஒரு கொப்புளம் வந்தது, கவனிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது செயற்கைக் கால், அதன் மேல் நீளக் கால்சட்டை, கையில் ஒரு தடி. தெரியாதவன் பார்த்தால் முட்டி வலிக்காரன் என்று நினைப்பான். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று நானும் நடப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த கூட்டாளிகள் ஒருத்தனும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வை எங்கே தட்டையாகக் கிடக்கிறது என்று பார்த்தார்கள். அன்றைக்கே மனைவியிடம் சொன்னேன், உன் கடையில் ஒருத்திக்கும் இது தெரியக் கூடாது, தெரிந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று. அப்படிப் பேசும் ஆள் நான். அவள் சரி என்றாள். அதன் பிறகு கடை முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் தனியாகப் போனாள். கோயில் திருவிழாவுக்கும் தனியாகப் போனாள். அங்கே கேட்டவர்களிடம் என்ன சொன்னாய் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, “நீங்களும் வரீங்களா? மத்தவங்க வீட்டுக்காரங்களும் வராங்க” என்றாள். பார்க்கலாம் என்றேன். ஆனால் அந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்தது. அத்தனை வருஷம் அந்தத் துறைமுகத்தில் லோரி ஓட்டியும் கெத்தாம் படகை வண்டிச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. எப்படி ஏறுவது என்றுகூடத் தெரியாது. போய்ப் பார்த்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு கிராப் வாடகைக் கார் பிடித்துப் போனேன்.

நான் போன நேரம் கடல் நீர் இறங்கியிருந்தது. ஜெட்டி என்கிற படகுத்துறை மேடைக்கு ரொம்பக் கீழே படகு கிடந்தது. நீளமான ஒடுக்கமான படகு. அதன் விளிம்பில் கால் வைத்து, குனிந்து, ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே இறங்க வேண்டும். சனங்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். ஒரு சீனக் கிழவி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு குதித்து ஏறினாள். நான் தடியை ஊன்றி நின்று பார்த்தேன்.

டிக்கெட் மேசையில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். முப்பது வயது இருக்கும். கூட்டமாக வந்தால் எப்படிப் புக் பண்ணுவது என்று கேட்டேன். சொன்னான். பிறகு, என் மச்சான் ஒருவருக்குக் கால் இல்லை, அவர் ஏற முடியுமா என்று கேட்டேன். மச்சான் என்று ஒருவர் எனக்குக் கிடையாது.

“தண்ணி எறங்குன நேரத்துல கஷ்டம் அங்கிள். ஆனா வரச் சொல்லுங்க லா. நாங்க நாலு பேரு இருக்கோம். தூக்கிருவோம். ஐஸ்பெட்டி ஃப்ரிட்ஜையே தூக்கி ஏத்துறோம்.”

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. ஒன்றும் புக் பண்ணாமல் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு மனைவியிடம், நான் வரவில்லை, மற்றவர்களுக்கு மட்டும் எத்தனை சீட்டு என்று சொல், எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. சரி என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து என் கைப்பேசிக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பின்னால் தையல் மெஷின் சத்தம்.

“ஹலோ பாஸ், பிரிக்பீல்ட்ஸ்லேருந்து பேசுறேன். கெத்தாம் போட் புக் பண்றவருதானே?”

கட்டிங் அக்கா என்று உடனே புரிந்தது. நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கிள்ளானில் தெரிந்த ஆள் ஒருவர் படகு பிடித்துக் கொடுப்பார் என்று சொல்லி என் மனைவி இந்த நம்பரைக் கொடுத்திருக்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிப்பதற்குள் அக்கா பேசிக்கொண்டே போனாள். படகில் குளிர்சாதனம் உண்டா, சின்னப் பிள்ளைக்கு வாந்தி வருமா, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு குரலை இறக்கினாள்.

“பாஸ், ஒங்க நம்பர் குடுத்துச்சே அந்தப் புள்ள, அதுக்கு மட்டும் நல்ல சீட்டாப் பாத்துக் குடுங்க. பாவம், புருசன் விட்டுட்டுப் போயிட்டான்.”

என் வாயில் வந்த வார்த்தை இதுதான்: “எங்க போனான்?”

“யாருக்குத் தெரியும்? ரெண்டு வருசமாச்சு. லோரிக்காரன். எவளையாவது இழுத்துக்கிட்டுப் போயிருப்பான். இது வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லாது. தாலியக் கழட்டி வீசுன்னு நானே சொல்லியாச்சு. அழுவுமே தவிர கழட்டாது. ஒவ்வொரு பண்டிகைக்கும் நாங்கதான் அதுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்குறோம்.”

நான் அவள் புருசன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் ஓடிப்போகவில்லை என்று சொன்னால் பின்னே ஏன் வெளியே தலை காட்டவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் என் கால். அதனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சில ஆம்பளைங்க அப்படித்தான் இருக்கானுங்க அக்கா” என்றேன். நல்ல சீட்டாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் நன்றி பாஸ் என்று போனை வைத்தாள்.

அந்தச் சேலைகள் எனக்குத் தெரியும். கடையில் போனஸாகக் கொடுத்தார்கள் என்று சொல்வாள். ஒவ்வொரு முறையும் நான்தான் நிறம் பார்த்து நன்றாக இருக்கிறது என்பேன்.

அன்று மாலை அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கத்த ஆரம்பித்தேன். என்னை ஓடுகாலி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அவள் பையைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் எங்கே உன் வீட்டுக்காரர் என்று கேட்டபோது, அவர் இப்போது வருவதில்லை என்றாளாம். அடுத்த விசேஷத்துக்கும் அதையே சொன்னாளாம். மீதியை அவர்களாகவே கட்டிக்கொண்டார்கள்.

“அவரு ஓடிப் போகலன்னு சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அப்ப என்னாச்சுன்னு கேப்பாங்க. என்னாச்சுன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. செத்துருவேன்னு சொன்னீங்க.”

அவள் மேலே சொன்னாள். “நீங்க போட்ல வந்தா எல்லாரும் பாத்துருவாங்க, நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சேன். அதான் வரீங்களான்னு கேட்டேன். வரலன்னுட்டீங்க.” பிறகு, “அக்காகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டாள்.

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. சொன்னதைச் சொன்னேன். சில ஆம்பளைங்க அப்படித்தான் என்று சொன்னதையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். யாரோ வீடு மாறி உள்ளே வந்துவிட்டது போலப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ச் சோறு வடித்தாள்.

கால் போனதற்கு வெட்கப்பட்டவன் நான். அது வெட்கமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காலை வெட்டியது டாக்டர். இது நானே செய்தது.

அடுத்த நாள் மறுபடி ஜெட்டிக்குப் போனேன். அதே பையன் மேசையில் இருந்தான். எத்தனை பேர் என்று கேட்டான். கடைக் கூட்டத்தின் கணக்கைச் சொல்லி, அதோடு ஒன்று கூட்டிக்கொள் என்றேன். அந்த ஒரு ஆளுக்குக் கால் இல்லை என்றேன். “அன்னைக்குச் சொன்னீங்களே, மச்சானா அங்கிள்?” என்றான். கால்சட்டையைத் தூக்கிக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். என் காது சுட்டது. பையன் பார்த்தான், பிறகு சுவரில் ஒட்டியிருந்த கடல் நீர் அட்டவணையைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீர் ஏறியிருக்கும், முதல் படகுக்கு வந்தால் படகும் ஜெட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும், திரும்பி வருவதையும் மதியத்தோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றான். தூக்குவதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கட்டிங் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“சொல்லுங்க பாஸ்.”

“நான் பாஸ் இல்லக்கா. அவ புருசன்.”

நான் நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். “நான் எங்கயும் ஓடிப் போகல. சக்கரையில கால எடுத்துட்டாங்க. வெளிய சொல்லாதன்னு அவ வாயக் கட்டினது நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் கேட்டாள். “அன்னைக்கு நான் அவ்வளவு பேசுனேன். கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?”

“ஆமாக்கா.”

“எங்க போனான்னு வேற கேட்டே.”

“ஆமா.”

“கால் போனதுக்கு வருத்தப்படுறேன் தம்பி. அத அப்புறமா வந்து சொல்றேன். நீ பண்ணுனதுக்கு எனக்கு வாயில என்னென்னமோ வருது. போன வை.”

வைத்தேன். அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று மனைவி வீட்டுக்கு வரும்போது கண் வீங்கியிருந்தது. கடையில் எல்லாரும் அவளைக் கட்டிப் பிடித்து அழுதார்களாம். அவளைத் திட்டவும் செய்தார்களாம், இதை எங்களிடம் சொல்லக் கூடாதா என்று. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு அப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளான் ஸ்டேஷனில் நின்றோம். கடைக் கூட்டம் சென்ட்ரலிலேயே ஏறியிருந்தது. ரயில் வந்ததும் பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று பார்த்து அவள் அந்தப் பக்கம் நடந்தாள். நானும் தடியோடு பின்னால் போனேன். அவள் திரும்பினாள்.

“நான் அவங்களோட ஏறிக்கிறேன். நீங்க பக்கத்துப் பெட்டியில வாங்க.”

சரி என்றேன். அவர்களுடைய கணவன்மார் அந்தப் பெட்டியில்தான் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் சாப்பாட்டுப் பைகளோடு. ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் உள்ள கண்ணாடிக் கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றேன். அந்தப் பக்கம் என் மனைவி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கட்டிங் அக்கா எதிர் சீட்டில். முதுகைப் பார்த்தே அவள்தான் என்று தெரிந்தது. ஏதோ பேசினார்கள். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள், முதலில் காலை, பிறகு முகத்தை.

வழக்கம்போல நகர்ந்து மறைந்துகொள்ள உடம்பு பரபரத்தது. நகரவில்லை. துறைமுகம் வரும் வரை அவர்கள் பார்க்கும்படி அங்கேயே நின்றேன்.