முன்னாள் செயலாளரும் இரண்டு கழிவறைகளும்

எங்கள் தேவாலயச் சபைக்கு நான் செயலாளரானபோது எனக்கு ஐம்பது வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு முன்பு பன்னிரண்டு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தவர், ரயில்வே பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தேர்தலில் அவரை எதிர்த்துத்தான் நான் நின்றேன். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

ஜெயித்த விதத்தைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. தேர்தலுக்கு முந்தைய சபைக் கூட்டத்தில் எழுந்து, "சிலர் நாற்காலியிலயே ஒட்டிக்கிட்டாங்க, எழுந்திருக்க மனசு வரல" என்று பேசினேன். பின்வரிசையில் கைதட்டினார்கள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

தோற்றவர்கள் பம்மல் பக்கம் வேறு சபை தேடிப் போவது எங்கள் ஊரில் வழக்கம்தான். இவர் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முதல் ஆராதனைக்கு வந்தார். என்னிடம், "வாழ்த்துகள் டீச்சர்" என்றார். அந்த நிதானம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் ஆலோசனைக்கு எல்லோரும் அவரிடமே போனார்கள். ஆலயத்தில் மைக் வேலை செய்யவில்லை என்றால்கூட அவரைத்தான் தேடினார்கள்.

அந்த வருட மழையில் பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி, தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் ஆயர் உடனே ஆலயத்தின் கல்யாண ஹாலைத் திறந்துவிடச் சொன்னார். மதியத்துக்குள் எண்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் சபைக்குச் சம்பந்தமில்லாத குடும்பங்கள். நான் கையில் மைக்கும் பட்டியலுமாக நின்று, சமையலுக்கு இவர், பாய்க்கு இவர், மருந்துக்கு இவர் என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் வந்தார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு வேலை குடுங்க."

சமையலறையில் ஆள் தேவைப்பட்டது. அங்கே அவரை விட்டால், அரை மணி நேரத்தில் மொத்த ஹாலும் அவர் சொல்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் என்னைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"பாத்ரூம் பக்கம்தான் ஆளே இல்ல சார். நீங்க பாத்துக்கிறீங்களா?" என்றேன்.

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, "பினாயில் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

ஹாலுக்கு இருந்தது இரண்டே கழிவறைகள். கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. வெளியே வெள்ளம் நின்றதால் உள்ளே ஊற்றிய தண்ணீர் வடியாமல் மேலேறி வந்தது. அவர் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். மூங்கில் கழியில் துணி சுற்றி அடைப்பைக் குத்தினார். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியதும் வேலை இரட்டிப்பானது.

இரண்டாம் நாள் காலை அந்தப் பக்கம் ஒரே சத்தம். மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் அவரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார் போல.

"இன்னாய்யா கழுவிகினு கீற? நாத்தம் கொடலப் புடுங்குது. இன்னும் ரெண்டு பக்கெட் ஊத்துனா கொறஞ்சா பூடுவ?"

"ஊத்திடறேம்மா. ரெண்டு நிமிஷம் குடுங்க" என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்.

நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். அவர் யார் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரை அங்கே அனுப்பியது யார் என்றும் சொல்ல வேண்டும். திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், கொண்டுவந்த பினாயில் தீர்ந்துவிட்டதா என்று கேட்கும் சாக்கில் போனேன். பின்பக்கத் துணி துவைக்கும் கல்லில் அவர் ஒரு வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு முதியவர், நெற்றியில் நாமம் பாதி அழிந்து, சபையின் பழைய திரைச்சீலை ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கழிவறைக்குப் போவதற்குள் அடக்க முடியாமல் வேட்டியிலேயே போயிருக்கிறது. அவரைக் குளிப்பாட்டிவிட்டு இவர் வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

முதியவர் அழுதுகொண்டிருந்தார். "வேணாம் சார். இந்த வயசுல இப்டி ஆயிடுச்சே. குடுத்துடுங்க, நானே கசக்கிக்கிறேன்."

"பெரியவரே, முப்பது வருஷம் இன்ஜின் கிரீஸ்ல கெடந்த கை இது. இதெல்லாம் ஒரு அழுக்கா? நீங்க சொல்லுங்க, அப்புறம் அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்தாங்களா இல்லையா?"

பாதியில் விட்ட ஏதோ கல்யாணக் கதையை முதியவர் மூக்கை உறிஞ்சியபடி தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரித்தார்கள். நான் பினாயில் பற்றிக் கேட்கவே இல்லை. உள்ளே போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு துடைப்பத்தோடு வந்தேன். அவர் என்னைப் பார்த்து, "இடது பக்கம் நான் முடிச்சுட்டேன், வலது பக்கம் பாருங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நான் கழுவியது சரியாக இல்லை. அவர் வந்து எப்படித் தேய்க்க வேண்டும் என்று காட்டினார்.

ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. எல்லோரும் வீடு திரும்பிய பிறகு காலி ஹாலில் நாங்கள் இருவரும் டீ குடித்தோம்.

"சார், அந்த வேலைய உங்களுக்கு வேணும்னேதான் குடுத்தேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுமா செஞ்சீங்க?"

"மொத நாள் கோவத்துலதான் செஞ்சேன். ஒவ்வொரு வாளி ஊத்தும்போதும் உங்களத் திட்டிக்கிட்டேதான் ஊத்தினேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "ரெண்டாம் நாள் வேல ஜாஸ்தியாயிடுச்சு. திட்ட நேரம் கெடைக்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து, நான் அவரைப் பற்றிக் கூட்டத்தில் பேசியதையும் ஹாலில் செய்ததையும் சபைக்கு முன்னால் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இதெல்லாம் மைக்ல சொல்லணுமா?" என்று பிறகு கடிந்துகொண்டார்.

சபையில் தாழ்மையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். பிறவியிலேயே சாந்தமானவர்களுக்கு வரும் குணம் அது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மனிதருக்குக் கோபம் வரும், அவமானம் உறைக்கும். இருந்தும் எதிரே ஒருவர் கஷ்டப்படும்போது அதையெல்லாம் ஓரமாக வைக்கத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

இப்போது எங்கள் ஆலயத்தில் கழிவறை கழுவக் கமிட்டி உறுப்பினர்களுக்கு முறை வைத்திருக்கிறோம். முதல் வாரம் செயலாளர்.

அந்த நாமம் போட்ட முதியவரோடு அவருக்குப் பழக்கம் விடவில்லை. பீர்க்கன்கரணையில் முதியவர் வீட்டுக்கு அடிக்கடி போய்வருகிறார். போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, முதியவரை ஸ்கூட்டரில் ஏற்றித் திருநீர்மலைக்குக் கூட்டிப் போனார் என்று செய்தி வந்தது. மலையடிவாரக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பெரியவர் கும்பிட்டு வரும்வரை செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றாராம். சபையில் இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து, நம் சபைக்காரர் கோயில் வாசலில் போய் நிற்கலாமா, செயலாளர் என்ற முறையில் விசாரிக்க வேண்டும் என்றார்கள்.

விசாரித்தேன்.

"அவருக்கு முட்டி வலி டீச்சர். சனிக்கிழம கூட்டத்துல பஸ்ல எப்படி ஏறுவாரு?" என்றார்.

கேட்டவர்களிடம் அதை அப்படியே போய்ச் சொன்னேன்.