மணிலா மெலடிஸின் ஆறாவது சட்டை

போன வாரம் என் மகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, உனக்கு ஒரு சட்டை புக் பண்றேன். மீடியமா, லார்ஜா?" என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான்.

"அளவு எடுக்க வேணாமா?" என்றேன்.

"யாருப்பா இப்பல்லாம் அளவு எடுக்கறாங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பின்கழுத்தில் இஞ்சு டேப்பின் தகர முனை சில்லென்று பட்டதுபோலிருந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பேய் பயம் கிடையாது. பாம்பைக்கூடத் தள்ளி நின்று பார்த்துவிடுவேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் தலையைக் குனிந்துகொண்டால் மட்டும் இன்றைக்கும் நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். காரணத்தைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் திருமுல்லைவாயிலில் 'மணிலா மெலடிஸ்' என்று ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதில் நான் பேஸ் கிட்டார். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அங்கே எனக்கு ஒரு டோக்கன் நம்பர் உண்டு, பேர் கிடையாது. மேடையில்தான் மைக்கில் என் பேரைச் சொல்வார்கள். நாலு பேர் கைதட்டுவார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் ஆள்களாகவே இருப்பார்கள். இருந்தாலும் கைதட்டல் கைதட்டல்தானே. அந்தப் பேரை வைத்துக்கொண்டுதான் வாரம் முழுக்க அந்த நம்பரைச் சுமந்தேன்.

குழுவை ஆரம்பித்தவர் எட்வின் அண்ணன். அக்கார்டியன் வாசிப்பார். கல்யாணமாவதற்கு முன் துபாயில் ஒரு ஓட்டல் சமையல்கட்டில் இரண்டு வருஷம் இருந்தவர். அந்த ஓட்டலில் தினம் சாயங்காலம் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஐந்து பேர் வாசிப்பார்களாம். வெங்காயம் உரித்தபடி கதவிடுக்கில் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பாராம். "ரெண்டு வருசத்துல அந்த அஞ்சு பேர்ல நாலு பேரு மாறிட்டான்டா. ஒருத்தன் கப்பலுக்குப் போனான், ஒருத்தன் கோச்சிக்கினு போனான். ஆனா சாப்ட வந்தவன் ஒருத்தனுக்கும் தெர்ல. இன்னா காரணம்? எல்லாருக்கும் ஒரே சட்டை. தலை மாறும், சட்டை மாறாது. அதான்டா குழு" என்பார். இதை அவர் எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அவர் சட்டையைப் பற்றிப் பேசுவதாக மற்றவர்கள் நினைத்தார்கள். நான் தலையைப் பற்றி நினைத்தேன்.

மணிலா என்று அந்த பிலிப்பைன்ஸ்காரர்களின் ஊர்ப் பேரை வைத்தாரே ஒழிய, எங்கள் பக்கத்தில் மணிலா என்றால் வேர்க்கடலை. மாங்காட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசலில் நின்ற ஒரு ஆள் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மல்லாக்கொட்டை பார்ட்டி வந்துட்டாங்கோ, வறுக்கறதா அவிக்கிறதா கேளு" என்றான். எட்வின் அண்ணன் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

கசப்பான விஷயத்தை வாய்விட்டுப் பேசாமலிருப்பது அவர் சுபாவம். குழுவிலிருந்து ஆளை எடுப்பதும் அப்படித்தான். "நாளையிலிருந்து வராதே" என்று அவர் வாயால் யாருக்கும் சொன்னதில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் மொத்தமாக ஒரே துணி எடுத்து, ஸ்டேஷன் ரோட்டில் இருந்த டெய்லர் ஜெகன்னாதனிடம் கொடுத்துவிடுவார். யார் யாருக்கு என்று அவரிடம் மட்டும் சொல்வார். எந்தப் பக்கம் போவதானாலும் நாங்கள் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். பட்டியலில் இருக்கிறவனைப் பார்த்ததும் ஜெகன்னாதன், "யோவ், வா, அளவு குட்த்துட்டுப் போ" என்று கூப்பிடுவார். இல்லாதவன் தாண்டும்போது தலையைக் குனிந்து மெஷினில் ஊசி கோப்பார். அவ்வளவுதான் விஷயம். புரிந்துகொண்டு நடையைக் கட்டவேண்டியது. அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்பதோ சண்டை பிடிப்பதோ கிடையாது. அதுதான் மரியாதை என்று எங்களுக்குள் எப்படியோ ஏற்பட்டுப்போனது.

அப்படித்தான் முதலில் டிரம்பெட் வாசித்த பெரியவர் போனார். அப்புறம் ரிதம் கிட்டார், அப்புறம் தபேலா. தபேலாக்காரர் கடையைத் தாண்டியபோது நான் அவர் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஜெகன்னாதன் தலை குனிந்தது. தபேலாக்காரர் பேச்சை நிறுத்தவில்லை, ரேஷன் கடையில் பாமாயில் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் உள்ளங்கை மட்டும் தன் தொடையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டது. பயம் என்றால் என்ன என்று நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

கஜாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கஜேந்திரன், டிரம்ஸ். பட்டரவாக்கத்துக்காரன். மாமிச மலை மாதிரி உடம்பு, அந்த உடம்புக்குள் ஒரு பயமும் கிடையாது. நான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முன்னால் சாப்பாடு இறங்காமல் திரிவதைப் பார்த்து, "இன்னா மாமே, பரீட்சையா எழுதப் போற? பயந்தவன் நிழல்கூட ரெண்டா தெரியும்" என்பான். எங்கிருந்துதான் இப்படிப் பழமொழிகளைப் பிடிப்பானோ. பாதி அவனே அடித்துவிடுவது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தொண்ணூறு பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். பூந்தமல்லியிலிருந்து ராபின் என்று ஒரு பையன் புது கீபோர்டோடு வந்து சேர்ந்தான். முதல் நாள் ஒத்திகையில் வலது கையால் பாட்டை வாசித்துக்கொண்டே இடது கையால் பேஸையும் வாசித்தான். நான் மூன்று வருஷம் விரல் கொப்புளித்துக் கற்றுக்கொண்டது அவனுக்கு இடது கை வேலை. எட்வின் அண்ணன் அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு அவன் இடது கையையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் தண்ணீர் குடித்தார்.

அந்த வருஷம் மயில் கழுத்துக் கலரில் துணி வந்தது. கடைக் கம்பியில் மடித்துத் தொங்கியது. புதுத் துணியின் கஞ்சி வாசனை ரோடு வரைக்கும் வரும். முதல் நாள் தாண்டினேன். ஜெகன்னாதன் ஊசி கோத்தார். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் செருப்பு அறுந்ததுபோலக் கடை முன்னாலேயே நின்று குனிந்து நிமிர்ந்தேன். ஊசி கோத்தார். மூன்றாம் நாள் ஒரு தடவை போய், திரும்பி வந்து, மறுபடி போனேன். ஒரு ஊசியை எத்தனை தடவைதான் கோப்பார் மனிதர். பட்டறையில் அன்று லேத்தில் விரலைக் கொடுக்க இருந்தேன். மேஸ்திரி கத்தினது காதிலேயே விழவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் கடைக்குள்ளேயே போய்விட்டேன். எங்கள் குழுவில் யாரும் செய்யாத காரியம். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எந்திரிச்சுப் போய்யா" என்றார் ஜெகன்னாதன், நிமிராமலே. "என்னை மாட்டி வுட்ராத."

"அண்ணே, ஒரு சட்டைண்ணே."

"அஞ்சு பேருக்குத்தான் துணி குட்த்துக்கீறாரு. நான் இன்னா, துணிய நெய்யவா போறேன்?"

நான் எழுந்திருக்கவில்லை. அவர் ஊசியைக் கீழே வைத்தார். அப்புறம் கழுத்திலிருந்த டேப்பை உருவினார். "வெட்டு மிச்சம் எதுனா தேறுதா பாப்போம். நில்லு நேரா. மூச்ச வுடு, செத்துகித்துப் போயிடாத." தோளில் டேப் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் சட்டையை வாங்கப் போனேன். நன்றாகத்தான் தைத்திருந்தார். ஆனால் அவர் முகம் சரியில்லை.

"ஒரு தப்பு நடந்துபோச்சுய்யா" என்றார். "உனக்கு வெட்டினதுல கஜாவுக்குப் பத்தல. அவன் உடம்புக்கு ரெண்டரை மீட்டர் வேணும். இன்னிக்கு எங்கனா அதே கலரு தேடி வாங்கி, அப்பறம் கூப்ட்டுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நேத்து சாய்ந்தரம் அவன் இந்தப் பக்கமா வந்துட்டான்."

"நிமிர்ந்து பாக்கலையா நீங்க?"

"எப்டிப் பாக்கறது? கையில உன் சட்டை கீது."

கஜா ஒரு நிமிஷம் நின்றானாம். அப்புறம் ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போய்விட்டானாம், ஒத்திகைக்குக்கூடப் போகாமல்.

இதைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும் என்று இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். எனக்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் பட்டறை விட்டதும் பட்டரவாக்கம் போனேன். கஜா வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். அவன் அம்மா குழாயடியில் குடம் வைத்திருந்தது தெரிந்தது. பத்து எட்டு வைத்து, "இது டெய்லர் பண்ண தப்பு, நீ வா" என்று சொன்னால் போதும். ஆனால் அவன் வந்தால் துணி எங்கே போனது என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் ஆறாவது சட்டை கழற்றப்படும். குடம் நிரம்புவதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

ஆயுத பூஜையன்று எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வளாகத்தில் காலை பதினோரு மணிக்குக் கச்சேரி. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரமும் கட்டிங் ஆயிலும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எட்வின் அண்ணன் என் சட்டையைப் பார்த்தார். காலரிலிருந்து கடைசிப் பட்டன் வரைக்கும் பார்த்தார். நான் பொத்தல் குடம் மாதிரி வியர்த்து ஊற்றினேன்.

"கஜா எங்க?" என்றார்.

"தெர்லண்ணே."

கேட்டின் பக்கம் பார்த்தபடி, "சொன்ன மாதிரியே பண்ணிட்டான்" என்றார். என்ன சொன்னான், யாரிடம் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம். டிரம்ஸும் இல்லாத நாளில் என்னையும் அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. "போய் நில்லு" என்றார்.

ராபின் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினான். டிரம்ஸ் சத்தம் தானாக வந்தது, ஒரு அடி பிசகாமல். தொழிலாளிகள் ஆடினார்கள். டிரம்ஸ்காரன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பிலிப்பைன்ஸ்காரர்களைப் பற்றி அண்ணன் சொன்னது எவ்வளவு உண்மை என்று மயில் கழுத்துச் சட்டையில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். எங்கள் குழுவில் பாடிய பெண் என் பேரை மைக்கில் சொன்னாள். கைதட்டல் வந்தது. என் பேர்தான், ஆனால் யாரையோ கூப்பிடுவதுபோலிருந்தது.

அடுத்த வருஷம் ஜெகன்னாதன் எனக்கும் ஊசி கோத்தார். இந்த முறை நான் கடைக்குள் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் துணி இரண்டே சட்டைக்கு வந்தது, அண்ணனுக்கும் ராபினுக்கும். பிறகு அதுவும் வரவில்லை.

கஜாவை நான் ஏழெட்டு வருஷம் பார்க்காமல் தப்பித்தேன். ரயிலில் அவன் சாயலில் யாராவது ஏறினால் அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறுவேன். ஒருநாள் ஆவடி பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. அவன்தான். கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"இன்னா மாமே, இன்னும் கம்பி மீட்டினு கீறியா?"

"இல்ல கஜா. அடுத்த வருசமே எனக்கும் ஊசி கோத்துட்டாரு."

"அப்ப அந்த வருசம் உன்னக் கூப்ட்டாரா?"

"கூப்ட்டாரு."

அவன் முகம் விரிந்ததே, அதை நான் மறக்க முடியாது. "அது போதும்டா" என்றான். "ராபின் வந்தப்பவே உன்னத் தூக்கிடுவாருன்னு எனக்குத் தெரியும். நேரா அண்ணங்கிட்டப் போய், 'இவன எட்த்தா நானும் வரமாட்டேன்'னு சொல்ட்டேன். நம்ம கோஷ்டில எவனும் அப்டிப் பேசினதில்ல இல்ல, அதான் என்னைக் கட் பண்ணிட்டு உன்ன வெச்சிக்கினாரு போல. போவட்டும், பேசினதுக்குப் பலன் கீது."

அண்ணன் கேட்டைப் பார்த்துச் சொன்ன சொல் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது உன் துணியில் தைத்த சட்டை என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கு மேல்வாயில் முட்டியது. வேனில் ஆள் ஏறி ஹாரன் அடித்தார்கள். "சாப்ட்டியா? இளைச்சிட்ட" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவேயில்லை.

எட்வின் அண்ணன் இப்போது இல்லை. அக்கார்டியன் என்ன ஆனதென்று அவர் வீட்டாருக்கே தெரியவில்லை. ராபினின் கீபோர்டும் பழசாகிக் கழிந்திருக்கும். ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டில் ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள், அதற்குச் சட்டை வேண்டியதில்லை. ஜெகன்னாதன் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. சுவரில் எங்கள் அளவுகளின் மேல் நாலு தடவை பெயிண்ட் ஏறியிருக்கும்.

மகள் வாங்கிய சட்டை வந்துவிட்டது. யாரும் தொட்டுப் பார்க்காமலே கச்சிதமாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் நேற்று ஸ்டேஷன் ரோட்டில் போனேன். ரிப்பேர் கடைப் பையன் தலையைக் குனிந்து ஏதோ போனுக்குள் திருகிக்கொண்டிருந்தான். வேகமாகக் கடந்தேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஜெகன்னாதன் தலை நிமிராதா என்று ஏங்குவேன். இப்போது நிமிர்ந்துவிட்டால், கஜா எங்கே என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயமாயிருக்கிறது.