பதினாறாம் நாள் கையெழுத்து

மெய்யம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. யாங்கூன் பன்சோடான் தெருவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்கள் தட்டச்சு செய்கிற வேலை. சட்டப் பட்டம் வாங்கிப் பதினெட்டு வருடம் கழித்து, சட்டத்தில் ஆய்வுப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். “இந்த வயசுல படிச்சு எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறா?” என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களைக் கேட்டுக்கொண்டு அவள் சேரவில்லை.

பர்மாவில் இந்துக் குடும்பத்துச் சொத்து இன்னும் பழைய இந்துச் சட்டப்படிதான் போகிறது. மகன் இருந்தால் மகளுக்குப் பங்கில்லை. இந்தியாவில் அதை மாற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. இங்கே யாரும் தொடவில்லை. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. மெய்யம்மையின் கண்ணை உறுத்தியது வேறு. தகப்பனார் இறந்த பதினாறாம் நாள், கருமாதியில், சகோதரர்கள் உடன்பிறந்தாளுக்குக் கோடிச் சேலை கொடுப்பார்கள். அவளுக்குத் தெரிந்த வீடுகளில் அந்தச் சேலைத் தட்டிலேயே ஒரு காகிதமும் இருக்கும். ‘தகப்பனார் சொத்தில் எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை’ என்கிற விடுதலைப் பத்திரம். “சும்மா ஒரு சம்பிரதாயம், ஆத்தா” என்று பேனாவை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டுச் சேலையை எடுத்த பிறகுதான் பந்தியில் சோறு விழும்.

பங்கே இல்லாதவளிடம் எதற்கு ஐயா கையெழுத்து? இதுதான் அவளுடைய ஆய்வு. மடியில் கனம் இல்லாதவன் எழுதி வாங்க மாட்டான். அவளுக்கு உரிமை உண்டு என்று அவர்கள் மனசுக்கே தெரிந்திருக்கிறது. வீடுவீடாக, வருடக்கணக்காக இப்படி வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டினால் அது வழக்கம். நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஏட்டில் உள்ளதையும் மிஞ்சும் என்று அதே பழைய சட்டம்தான் சொல்கிறது. அவர்கள் தடியாலேயே அவர்களை அடிக்கப் பார்த்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியை டோ சான் சான் ஏ எல்லாவற்றையும் கேட்டார். “கேள்வி நல்ல கேள்வி. காகிதம் எங்கே?” என்றார் பர்மியத்தில். “ஒரு காகிதம் வழக்கம் ஆகாது. குறைந்தது பத்து வேண்டும். மார்ச் முடிவதற்குள் கொண்டு வா. இல்லையென்றால் இந்தத் தலைப்பை விட்டுவிடு.”

அலுவலக அலமாரியைத் திறந்தால் அரை மணி நேர வேலை. அவளே தட்டச்சு செய்த பத்திரங்கள் அங்கே கட்டுக் கட்டாக இருந்தன. ஆனால் அவை கட்சிக்காரர்களின் காகிதங்கள். அலமாரிப் பக்கம் அவள் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துத் தன்லியினுக்கும், படகு பிடித்து டாலாவுக்கும் போய், கையெழுத்துப் போட்ட பெண்களையே நேரில் கேட்டாள். எல்லா வீட்டிலும் தேநீர் கிடைத்தது. காகிதம் கிடைக்கவில்லை. தன்லியினில் பலகாரக் கடை வைத்திருக்கும் லட்சுமி ஆச்சி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: “இருக்கு, மெய்யம்மை. குடுக்க மாட்டேன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றதுக்கு அண்ணன் தம்பிய விட்டா யாரு இருக்காக?”

ஜனவரி போயிற்று. ஒன்றும் சேரவில்லை. கடைசியில், ஆறு வருடத்துக்கு முன் தன் தகப்பனார் கருமாதியில் தானே கையெழுத்துப் போட்ட பத்திரத்தை எடுத்து, பேர் மறைக்காமல், முதல் பின்னிணைப்பாக வைத்தாள். முதுகுக்குப் பின்னால் எதையும் செய்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. போட்டாதாங்கில் அண்ணன் காசிவிசுவநாதனின் கடைக்கே போய், மேசைமேல் நகலை வைத்தாள்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. “நம்ம வீட்டு அசிங்கத்தை ஊரெல்லாம் படிக்கணுமா?”

“அசிங்கம்னு தெரியுதுல்ல, அண்ணே. அப்ப ஏன் வாங்கினிய?”

“பேரை எடுத்துரு. இல்லாட்டி பொறந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே.”

“மிதிக்கலை. பேரு இருக்கும்.”

தெருவுக்கு வந்து பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில்தான் அவள் பிறந்தாள். அழாமல் என்ன செய்வாள்? அழுதாளே தவிர, பேரை எடுக்கவில்லை.

அதோடு அண்ணன் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலைப்பு போயிருக்கும், அவர் ஜெயித்திருப்பார். அவரால் முடியவில்லை. கோயில் கமிட்டியில் இருப்பவர் அல்லவா? வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் எழுந்து நின்றுகொண்டார். “என் தங்கச்சி பத்திரம் கேட்டு வீடு வீடா அலையறா. எந்தப் பொம்பளையும் குடுக்காதிய! குடுத்தா அந்தப் பத்திரமெல்லாம் கோர்ட்டுல செல்லாமப் போயிரும்!”

ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் விபூதி பூசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் யோசித்தார்கள்.

திங்கட்கிழமை, கரண்ட் இல்லாத நேரத்தில், நாலு மாடி ஏறி மூச்சு வாங்க லட்சுமி ஆச்சி அலுவலகத்துக்குள் நுழைந்தாள். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதம்.

“சும்மா காகிதம்னுதானே எங்கிட்டச் சொன்னாக? சும்மா காகிதத்துக்கு ஒங்க அண்ணன் எதுக்கு அந்தக் குதி குதிக்கிறாக?”

மெய்யம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேரை மறைச்சுப் போடட்டுமா ஆச்சி?”

“எதுக்கு மறைக்கணும்? நான் என்ன களவாண்டேனா? முழுப் பேரும் போடு.”

அந்த வாரமே டாலாவிலிருந்து இரண்டு வந்தன. மார்ச் பாதிக்குள் பதினொன்று. தன்னுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு பத்திரங்களைக் கொண்டுபோய்ப் பேராசிரியையின் மேசையில் வைத்தபோது, அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, “இது வழக்கம்தான்” என்றார்.

பட்டம் கிடைத்துவிட்டது. அண்ணன் இன்றுவரை பேசுவதில்லை. ஆனால் வாய்மொழித் தேர்வில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்தவர், முதல் பின்னிணைப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

“இதில் கையெழுத்துப் போட்டபோது உங்களிடம் சட்டப் பட்டம் இருந்தது. விவரம் தெரியாமல் போட்டேன் என்று சொல்ல முடியாது. பிறகு ஏன் போட்டீர்கள்?”

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவள் தயாராகி வரவில்லை.

“இருநூறு பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஐயா. வடித்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். படித்த சட்டமெல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் இத்தனை பேரைப் பட்டினி போடுகிறவள் என்ற பேர் வாங்கத் தைரியம் வரவில்லை.”

“இன்றைக்கு அதே காகிதத்தை நீட்டினால்?”

மெய்யம்மை அவர் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னாள்.

“சோறு ஆறட்டும் என்பேன்.”