பதினைந்தாம் வீட்டின் முறை

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தேன். கையில் ஓலை, தலைக்கு மேல் வெயில். கோயில் வாசலில் பெரியம்மா நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார் என்பது கிட்டே போன பிறகுதான் புரிந்தது. இரண்டு வருடமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"பாப்பா, உன்ன ஒண்ணு கேக்கணும். கால் கழுவுறதுக்கு எங்க வூட்டு மொற எப்ப வருது?"

"பாத்துச் சொல்றேன் பெரியம்மா."

பொய். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த முறை இந்த வருடம்தான் வர வேண்டும். வராமல் செய்தவள் நான்.

"இல்ல... ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கெழம அவருக்கு ஆப்பரேஷன். சொகர்ல காலு போச்சு. மலைக்குப் போயி பச்சிலை கட்டிக்கினு கெடந்தாரு, முத்திப் போச்சு. கணுக்காலோட எடுக்கணும்னு கள்ளக்குறிச்சியில சொல்லிட்டாங்க. ரெண்டு கால்ல நடந்து போயி பீடத்துக்கு முன்னால ஒக்காரணும்னு ஆசப்படுறாரு. அடுத்த வருசம்னா எவனாவது தூக்கினு போவணும். அதுக்கு அவரு ஒத்துக்க மாட்டாரு. வீம்பு புடிச்ச மனுசன்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய வியாழன் அன்று மாலைப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். தான் சாவதற்கு முந்தின நாள் இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக. பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்; எங்கள் பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள். அன்பியம் என்றால் தெருவுக்குத் தெரு பக்கத்து வீடுகள் சேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் கூடி ஜெபிக்கும் குழு. ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒருவர். வீட்டு வரிசைப்படி, வருடத்துக்கு ஒரு வீடு.

வடக்கனந்தலில் எங்கள் அன்பியத்துக்குச் செயலாளர் நான். பழைய வாசகர்களுக்குத் தெரியும், எனக்குப் பட்டியல் இல்லாமல் கை ஓடாது. மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்புச் சாற்றைச் சோதிக்கும் லேப் வேலை. மணிக்கு ஒரு சாம்பிள், சாம்பிளுக்கு ஒரு வரி. அந்தப் பழக்கத்தில் அன்பியத்துக்கும் எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். போன வருடம் பதினாலாம் வீடு. இந்த வருடம் பதினைந்து. பதினைந்தாம் வீடு என் பெரியப்பா, அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன்.

ஜனவரியில் அந்த வரியை அழித்துவிட்டுப் பதினாறாம் வீட்டு ரெஜினா டீச்சரின் பெயரை மேலே ஏற்றினேன். காரணம் என்ற கட்டத்தில் "உடல்நிலை" என்று எழுதினேன். அப்போது பெரியப்பாவுக்குக் காலில் ஒரு சின்னப் புண்தான். யாரும் கேட்கவில்லை. பிரிண்ட் எடுத்த பட்டியலை அப்பாவிடம் காட்டினேன்; பார்த்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். அவரும் கேட்கவில்லை.

ஏன் செய்தேன்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் கடலூர்ப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன். திரும்பிப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெரியப்பா அவர்களைப் பார்த்திருக்கிறார். "பொண்ணுக்குச் சின்ன வயசுல வலிப்பு வரும்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். போன் வரவில்லை. நாங்கள் செய்த போனை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அப்பா தன் அண்ணனோடு பேசுவதில்லை. மூன்று வீடு தள்ளித்தான் பெரியப்பா இருக்கிறார். அப்பா பால் வாங்கக்கூட வேறு பக்கம் சுற்றிப் போகிறார்.

சரி... குருத்து ஞாயிறுக்கு வருவோம். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணியை மடித்து வைத்தேன், கலைத்தேன், மறுபடி மடித்தேன். சனிக்கிழமைக் கூட்டங்களில் கடவுளின் அன்பைப் பற்றி நன்றாகவே பேசுகிறவள் நான். நிபந்தனை இல்லாத அன்பு, தகுதி பார்க்காத அன்பு... எல்லாம் பாயின்ட் பாயின்டாக வரும். ஆனால் ஒன்றைச் சொல்லட்டுமா? தொழில்நுட்பம் படித்தவளுக்கு நிபந்தனை இல்லாத எதுவும் உள்ளுக்குள் உறுத்தும். இது இப்படி இருந்தால் அது அப்படி. இந்த அளவு வந்தால் அடுத்த தொட்டி, வராவிட்டால் திருப்பி அனுப்பு. உலகம் அப்படித்தானே ஓடுகிறது? நிபந்தனை இல்லாமல் எல்லோரையும் உள்ளே விட்டால் அதற்கு வாசல் எதற்கு?

செவ்வாய் மாலை சாமியாரைப் பார்க்கப் போனேன். மலைக் கிராமத்தில் பூசை வைத்துவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். வளைவுகளில் வண்டி ஓட்டி வந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டே நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், எங்க அன்பியத்துப் பேர்ல ஒரு தப்பு இருக்கு."

"டைப்பிங் மிஸ்டேக்காம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் தப்பித்துப் போக வாசலைத் திறந்துகொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"இல்ல ஃபாதர். நானே வேணும்னுதான் மாத்தினேன்."

ஒரு நாற்காலியை நகர்த்தினார். "சரி. டீச்சர்கிட்ட நீயே சொல்லிடு. உங்க பெரியப்பாகிட்டயும் நீயே சொல்லிடு."

"நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"நான் கழுவுறதோட சரிம்மா."

ரெஜினா டீச்சர் நல்ல மனுஷி. ஆனாலும் முகம் சுருங்கிவிட்டது. "பதினஞ்சு நாளா வெடிப்புக்குக் கிரீம் தடவிக்கினு இருக்கேன்டி. நகம்லாம் வெட்டி, இன்னிக்குத்தான் பியூமிஸ் கல்லு வாங்கினு வந்தேன்."

"சாரி டீச்சர்."

"பரவால்ல. இத்தன வருசத்துல எங்காலு இப்பதான் பாக்குற மாதிரி இருக்கு."

சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். காலைக் கழுவிவிடுகிற சடங்குக்கு நாங்கள் எல்லோரும் காலை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருகிறோம். சோப்பு, பவுடர், சிலர் சென்ட்கூட. சாமியார் கையில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டிவிடக் கூடாது. அவருக்கு வேலையே வைக்காமல் போவதுதான் எங்கள் மரியாதை. கடவுளிடமும் இப்படித்தான் போகிறோமோ?

பிறகு பெரியப்பா வீடு. இரண்டு வருடமாக மிதிக்காத படி. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலில் வைத்திருந்தார்.

"வா," என்றார். நேற்று வந்துவிட்டுப் போனவளைக் கூப்பிடுகிற மாதிரி.

"இந்த வருசம் கால் கழுவுறதுக்கு உங்க மொறதான் பெரியப்பா. நான்தான் பேர எடுத்துட்டேன். இப்ப திரும்பப் போட்டாச்சு."

"தெரியும்."

"பெரியம்மா சொன்னாங்களா?"

"அவ இன்னா சொல்றது? பதினாலுக்கு அப்புறம் பதினாறு வந்துச்சுன்னா தெரியாதா? நான் அஞ்சாவதுதான் படிச்சேன். எண்ணத் தெரியும்."

சரி, என் பங்கைச் சொல்லிவிட்டேன். இனி அவர் பங்கைச் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அன்னிக்கு டீக்கடையில..."

"ஆமா, சொன்னேன். வந்துச்சா இல்லியா வலிப்பு? ரெண்டு வாட்டி. உங்கப்பன் வெளியூர் போயிருந்தான். நான்தான் உன்னத் தோள்ல போட்டுக்கினு ஆசுபத்திரிக்கு ஓடனேன். மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டு, அங்க போயி தெரிஞ்சா இன்னா பண்ணுவ?"

"மறைக்கலை பெரியப்பா. நானே சொல்றதா இருந்தேன். அத சொல்ல வேண்டியது நான்."

அவர் டிவியைப் பார்த்தார். டிவி ஓடவில்லை. பெரியம்மாவிடம், "அதுக்கு டீ போடு," என்றார்.

மன்னிப்பு கிடையாது. வருத்தம் கிடையாது. டீதான். அதில் சர்க்கரையும் அதிகம். குடித்தேன்.

வெளியே வந்து நடக்கும்போது எனக்கு எரிந்தது. அவர் அழுதிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்? நான் பெரிய மனசோடு மன்னித்திருப்பேன். இந்தப் பத்தியும் இந்நேரம் முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை. அரை நாள் பர்மிஷன் போட்டுக் கிளம்பினேன். அரவைக் காலம், ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி ஓடிவந்து சேரும்போது பூசை ஆரம்பித்து, பிரசங்கம்கூட முடியப் போகிற நேரம். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு பெரியப்பா வந்தார். பக்கக் கதவு வழியாக இல்லை. நடு வழியில், பெரியம்மா கையைக்கூடப் பிடிக்காமல். கட்டின் மேல் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பை சரக் சரக் என்றது. பாட்டுக் குழு பாட மறந்து பார்த்தது. ஆண்கள் வரிசையில் அப்பா அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் ஒவ்வொரு காலாகத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு நகர்ந்தார். எங்கள் பங்கில் வலது கால்தான் கொடுப்பது வழக்கம். பெரியப்பாவின் முன் வந்ததும் ஒரு நொடி நின்றார். பெரியப்பா இடது காலை நீட்டினார். நல்ல கால்.

தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி நான் கணக்குப் போட்டேன். முதன்முதலில் கழுவப்பட்ட அந்தப் பன்னிரண்டு பேரில் இயேசுவைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனும் இருந்தான். அவன் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போகப் போகிறவன். தெரிந்தேதான் இயேசு அவன் காலடியில் குனிந்தார். அவன் பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை. பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டதுதான். அன்றுதான் உறைத்தது, அதுவும் இனிப்பாக இல்லை. கடவுள் கேள்வி கேட்காமல் பெரியப்பாவை நேசிக்கிறார் என்றால், நான் பெரியப்பாவைவிட ஒரு படி மேலே நிற்க இடமே இல்லை. வரியை அழித்த என்னையும் அதே போலத்தான் நேசிக்கிறார். காயம்பட்டவள் என்று நான் பிடித்து வைத்திருந்த இடம் பறிபோனது. இதை ஆறுதல் என்று யார் சொன்னது?

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. வெளியே பக்கவாட்டுப் படியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பெரியம்மா என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"பைக்குள்ள தண்ணி பூந்துடுச்சு பாப்பா. கட்டு நனைஞ்சி போச்சு. எனக்குக் கண்ணு தெரியல. நீ லேப்ல வேல செய்யிறவதானே, மாத்திக் கட்டேன்."

"நான் பாக்கறது கரும்புச் சாறு பெரியம்மா."

"ஏதோ ஒண்ணு. கையி சுத்தமா வச்சிருப்ப இல்ல."

பெரியம்மாவின் கைப்பையில் சலைன் பாட்டில், பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் இருந்தது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, கீழ்ப்படியில் மண்டியிட்டேன். கட்டைப் பிரித்தேன். விரல்கள் கறுத்திருந்தன. வாடை... எழுதமாட்டேன். வாயால் மூச்சு விட்டேன். சாமியாருக்கு நல்ல காலைக் கொடுத்துவிட்டார். கெட்டது என்னிடம் வந்தது.

அப்போது என் மனசில் அன்பு சுரந்தது என்று எழுத ஆசைதான். சுரக்கவில்லை. கை மட்டும் வேலை செய்தது. சலைன் ஊற்று, ஒற்றி எடு, காயவிடு, பஞ்சு வை, சுற்று.

கேட்டுக்கு வெளியே அப்பா பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. நான் நிமிரவில்லை. பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. அவர் உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

"மெதுவா," என்றார் பெரியப்பா. "கோவத்த கையில காட்டாத."

"காட்டல. நீங்க ஆட்டாம வைங்க."

"நாளைக்குப் பெரிய வெள்ளி. தெனம் கட்டு மாத்துற நர்ஸு வராது."

"சரி, நான் வரேன்."

யோசிக்காமல் வந்த வார்த்தை. வந்த பிறகு வாபஸ் வாங்கத் தெரியவில்லை.

"காலையில வெள்ளனா வந்துடு," என்றார். "சாயங்காலம் ஒருக்கா மாத்தணும்."

ஒருவரை ஒருவர் நேசியுங்கள் என்று சொன்னவர், காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று சொல்லவே இல்லையே.