ஏரிக்கரை கேட்டுக்குத் தூக்கிய கை

நான் குடியிருக்கும் சுவிஸ் ஊரில், பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றலாமா என்று ஊரையே கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு உர்சுலா காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, நிதானமாக வாக்குச்சீட்டை நிரப்புவாள். சன்னலில் பனிமூட்டம் ஒட்டியிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு எல்லாம் அரைத்தூக்கத்தில் நடப்பது போலிருக்கும். எனக்கு இங்கே குடியுரிமை இல்லை. கூரையைப் பற்றி என்னை யாரும் கேட்கப் போவதில்லை. "உங்கள் மந்திரிகள்மேல் அவ்வளவு அவநம்பிக்கையா?" என்று ஒருமுறை அவளிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நம்பிக்கை இருக்கிறது. எங்களைக் கேட்கிறார்களே, அதனால்தான்" என்றாள் முகம் சிவக்க.

சென்னை அயனம்பாக்கத்தில் என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தாஸிடம் போனில் இதைச் சொன்னேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவன். கட்சி, கவுன்சிலர், அதிகாரி என்று ஒருவரையும் நம்பாதவன். "சோக்கா கீதுண்ணாத்தே! நடுவுல எவனும் வாணாம். ஜனங்களே கை தூக்கி முடிவு பண்ணணும்" என்று துள்ளினான். நம்பிக்கையோடு உர்சுலா விரும்புவதை, நம்பிக்கை போனதால் இவன் விரும்பினான். அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த வீடு இருக்கும் தெருவின் ஏரிக்கரைப் பக்கத்து கேட்டைப் பூட்டிவிடலாம் என்று பேச்சு வந்தபோது, கவுன்சிலர் வேண்டாம், தெருவே முடிவு செய்யட்டும் என்று முதலில் சொன்னவனும் தாஸ்தான். காலையில் ஏரிக்கரையில் நடப்பவர்களுக்குக் கூழ் விற்க, அவன் மனைவி செல்வி அந்த கேட் வழியாகத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். பூட்டிவிட்டால் லாரி ஓடும் மெயின் ரோடுதான், பிழைப்பே போய்விடும். தெருக் கூட்டத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் "மக்களே எஜமானர்கள்" என்று முழங்க, தாஸ் கை தட்டியிருக்கிறான். அடுத்த வாக்கியத்திலேயே அவர், வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் கை தூக்கலாம் என்றிருக்கிறார்.

அங்கிருந்தே என்னை வீடியோவில் கூப்பிட்டான். "அண்ணாத்தே, நாங்க கணக்குல இல்லியாம். ஓனரு நீங்கதான், ஒரு கை தூக்குங்க." குரல் உடைந்திருந்தது. நான் பேருந்து நிறுத்தத்தில், பனிக்குள் நின்றிருந்தேன். பூட்ட வேண்டாம் என்பவர்கள் யார் என்று செயலாளர் கேட்டதும் கையை உயர்த்தினேன். அதைப் பார்த்து ஒரு பேருந்து வந்து நின்றது. "ஏறுங்கள்" என்றார் ஓட்டுநர். "இது உங்களுக்கு இல்லை" என்றேன். என்ன புரிந்துகொண்டாரோ, கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் அங்கே எண்ணி முடித்திருந்தார்கள். பூட்டுவது என்று முடிவாகிவிட்டது. "நாளிக்கு அந்தக் கவுன்சிலரையே போய்ப் பாக்கணும். வேற இன்னா பண்றது?" என்றான் தாஸ். பின்னால் செல்வி நின்றிருந்தாள். நான் வாழாத தெருவில் என் கையை எண்ணினார்கள். அங்கேயே வாழும் அவள் கையை எண்ணவில்லை. போன் அடங்கிய பிறகும் கையை இறக்கத் தோன்றாமல் நின்றிருந்தேன். பனிக்குள்ளிருந்து வந்த அடுத்த பேருந்தும் எனக்காக வேகத்தைக் குறைத்தது.