வாரத்துக்குக் கொடுத்த மூளிச்சி

ஆட்டைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் சீனித்தாய் ஐம்பத்தாறு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏரலுக்குக் கிழக்கே, ஆற்றங்கரையை ஒட்டிய அவள் ஊரில் யார் வீட்டு ஆடு செருமினாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டருக்குச் சொல்லுவது அதற்கு அப்புறம்தான்.

அதனால் 2023 ஆடி மாதம் கால்நடைக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்து, ஆட்டு ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டபோது, முதலில் ஆட்டைப் பிடிக்கத் தெரியுமா என்று சீனித்தாய் திருப்பிக் கேட்டாள். வந்தவள் பெயர் பானுப்ரியா. கோவில்பட்டிப் பக்கம். பதிலுக்கு ஒரு பெட்டையை முழங்காலுக்கு இடையில் வாகாக நிறுத்தி, கழுத்து நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியைப் போட்டாள். ஆடு கத்தக்கூட இல்லை. சீனித்தாய்க்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, இந்த ரத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டாள். பானுப்ரியா நிதானமாகச் சொன்னாள். ரத்தத்துக்குள் தாயிடமிருந்து மட்டுமே குட்டிக்கு வருகிற எழுத்து ஒன்று இருக்கிறது. எத்தனை தலைமுறை போனாலும் அவ்வளவாக மாறாது. மனுஷன் ஆட்டை முதன்முதலில் பழக்கியது மேற்கே வெகுதூரத்து மலைகளில். பத்தாயிரம் வருஷம் இருக்கும். அங்கிருந்து ஆடு தானாக நடந்து இங்கே வரவில்லை, மனுஷன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான், தோணியிலும் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆதிச்சநல்லூரில் தாழி வைத்தவர்களாவது எலும்பை விட்டுப்போனார்கள். ஒன்றையுமே விட்டுப்போகாதவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதற்கு அவர்களுடைய ஆட்டின் வம்சம் சாட்சி சொல்லும்.

போகும்போது, இந்த ஆடுகளுக்கு வேறு ஊரில் சொந்தம் உண்டா என்று ஒரு கேள்வி கேட்டாள். சொந்தமில்லாத ஆடுகளைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னாள் சீனித்தாய். அவள் கணக்கில் சொந்தம் என்பது கிடாவை வைத்துத்தான்; மனுஷருக்குத் தகப்பன் வழி மாதிரி. அவளுடைய கிடா தெருவைத் தாண்டியதில்லை. அப்புறம் எங்கிருந்து சொந்தம் வரும்?

அந்த மந்தை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் சுடலைக்கண்ணன் உப்பு லாரி கவிழ்ந்து செத்தபோது மகள் இசக்கிசெல்விக்கு எட்டு மாதம். வீட்டில் உலை வைக்காத நாட்களும் இருந்தன. தெருவில் மீன் விற்க வருகிற ஆனி, வீரபாண்டியன்பட்டினத்துக்காரி, கொஞ்ச நாள் சும்மா சாளையைக் கொடுத்துப் பார்த்தாள். சும்மா வாங்க சீனித்தாய்க்குக் கை கூசியது. அடுத்த வாரம் ஆனி மீன்கூடையோடு ஒரு சினை ஆட்டையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். நடத்துநர் போட்ட சத்தத்தை அவள் காதிலேயே வாங்கவில்லை. ஆட்டுக்குக் காது இரண்டும் குட்டையாக, மூளியாக இருந்தன; மூளிச்சி என்று பேர் வந்தது அதனால்தான். வாரத்துக்கு, குட்டியில் பங்கு என்ற பேச்சில், வளர்த்துக்கொள், முதல் பெட்டைக்குட்டியை எனக்குக் கொடுத்துவிடு, மற்றதெல்லாம் உனக்கு என்றாள். அது தானம் இல்லை, கொடுக்கல் வாங்கல். அதனால்தான் சீனித்தாயால் தலை நிமிர்ந்து வாங்க முடிந்தது.

மூளிச்சி முதல் ஈத்திலேயே பெட்டை போட்டது. பால்குடி மறந்ததும் சொன்ன சொல் தவறாமல் அதை ஆனியின் கையில் பிடித்துக்கொடுத்தாள். மூளிச்சியின் மக்களும் மக்களின் மக்களும்தான் இசக்கிசெல்வியை நர்சிங் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தன. ஆனி கால் வீங்கி வியாபாரத்தை விட்டதும் போக்குவரத்து நின்றுபோயிற்று. அவள் சாவுக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்ததுதான் கடைசி.

அந்த வருஷம் மார்கழி பிறந்த அன்று ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. சீனித்தாய் தொழுவத்தின் படலைத் திறந்துவிட்டு, பள்ளிக்கூட மாடியில் ஏறி உயிர் பிழைத்தாள். பதினேழு ஆட்டில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. தன் உயிர் தப்பியதற்குச் சாமியைக் கும்பிட்டாள்தான். ஆனால் ஆனியக்கா கொடுத்ததைத் தன் காலத்திலேயே வேரோடு தொலைத்துவிட்டோமே என்ற துக்கம் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. மகளும் அக்கம்பக்கத்தாரும் வேறு ஆடு வாங்கித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். படலைக் கழற்றி அடுப்புக்கு வைத்தாள்.

பானுப்ரியா மறுபடி வந்தது அடுத்த வருஷம் வைகாசியில். வெறும் தொழுவத்தைப் பார்த்ததும் பாவம், அந்தப் பிள்ளைக்கு வந்த விஷயமே மறந்துவிட்டது. சீனித்தாய்தான் உட்காரவைத்துக் கேட்டாள்.

தொண்ணூறு வீட்டு ஆட்டு ரத்தத்தில், இவள் ஆட்டின் தாய்வழி எழுத்து வேறு ஒரே ஒரு வீட்டில்தான் இருந்ததாம், கடற்கரையில். இவ்வளவு அபூர்வமான வம்சம் கரையில் ஒன்று, உள்ளே ஒன்று என்று இருப்பதால், பழங்காலத்தில் கடல் வழியாக வந்து ஆற்றோரமாக ஏறிப்போன மனுஷரின் தடம் இது என்று பானுப்ரியா தன் ஆய்வில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள். ஒன்று மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயிரம் வருஷம் பிரிந்திருந்தால் ஓர் எழுத்தாவது மாறியிருக்க வேண்டும். இங்கே ஒன்றுமே மாறவில்லை. இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் தெளியும் என்றுதான் வந்தாளாம்.

கடற்கரை ஆட்டின் படத்தைப் போனில் காட்டினாள். கருப்பு ஆடு, தொங்கல் காது. இதற்கும் நம் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சீனித்தாய் உதட்டைப் பிதுக்கினாள்.

"வீரபாண்டியன்பட்டினம் அக்கா. வீட்டுக்காரங்க பேரு ஜெஸ்லின். அவங்க அம்மா ஆனி காலத்துல இருந்து வளக்காங்களாம்."

சீனித்தாய் போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, அது நான் குடுத்த மொதக் குட்டி வழில்லா. குடுத்த பெறவு அது அந்த வீட்டு ஆடுன்னுல்லா நெனச்சேன். நீ கேட்டப்ப சொந்தம் இல்லன்னு சொல்லிட்டனே."

பானுப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். ஆயிரம் வருஷத்துத் தடம் என்று எழுதியது ஏரல் பஸ்ஸில் வந்த தடம் என்று ஆகிவிட்டது. அத்தியாயம் போனால் போகட்டும், அச்சாகிற முன்னால் சொன்னீர்களே, பெரிய புண்ணியம் அக்கா என்று சீனித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னாள். மூளிச்சியின் ஆத்தா எந்தக் கரையிலிருந்து யாரோடு வந்தாள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது, இனி அதை ஒழுங்காகத் தேடுவேன் என்றாள்.

சீனித்தாய்க்கு அதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. அடுத்த நாளே திருச்செந்தூர் போய், அங்கிருந்து வீரபாண்டியன்பட்டினத்துக்கு வண்டி ஏறினாள். பஸ்ஸில் ஒரே கவலை. குட்டி கேட்டால் ஜெஸ்லின் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவாள். வெள்ளத்தில் ஆட்டைப் பறிகொடுத்தவள், பாவம் என்று இரக்கப்பட்டும் கொடுப்பாள். அப்படி வாங்கக் கை வருமா? வராவிட்டால் ஆனியக்காவின் வழி தன் வீட்டில் முடிந்ததுதான்.

ஜெஸ்லின் தாயை உரித்துவைத்திருந்தாள். யார் என்று தெரிந்ததும் உள்ளே கூட்டிப்போய், ஆனியின் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டாள். சீனித்தாய் குட்டி என்ற பேச்சை எடுக்கவே இல்லை. ஆடுகளைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். கொல்லையில் நான்கு நின்றன. ஒன்று சினை. அதன் வயிற்றைத் தொட்டபோது கண்ணீர் கொட்டியது.

ஜெஸ்லின் அந்தச் சினை ஆட்டின் கயிற்றை அவிழ்த்துச் சீனித்தாயின் கையில் கொடுத்தாள்.

"சும்மா இல்ல சித்தி. வாரத்துக்குத்தான். மொதப் பொட்டைக் குட்டிய எனக்குக் கொண்டாந்து குடுத்துரணும்."

சீனித்தாய் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். படத்தில் இருந்த ஆனியைக் கும்பிட்டாள். பால்குடி மறந்த மறுநாளே கொண்டுவந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆட்டை ஏற்றிக்கொள்ளுகிற பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள்.